13 வயது மகளுக்கு வெண்புள்ளி: என்ன செய்வது, எவ்வளவு காலம் பொறுப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். மகளுக்கு 13 வயது. ஆறு மாதத்துக்கு முன் இரண்டு முழங்காலிலும் வெள்ளைத் திட்டு வந்தது, அப்புறம் கண் இமை ஓரத்தில், இப்போது விரல் நுனிகளிலும். மருத்துவர் கொடுத்த களிம்பை இரண்டு மாதம் போட்டுப் பார்த்து, பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிட்டீர்கள். உறவினர் ஒருவர் இதை வெண்குஷ்டம் என்று சொல்ல, பாலும் புளிப்பும் ஆகாது என்று அதையும் நிறுத்தியாயிற்று. இது தொற்றுமா, முழுசாகக் குணமாகுமா, அவளிடம் என்ன சொல்வது, தம்பிக்கும் வருமா?

நான் மருத்துவர் இல்லை. 16 வயதில் எனக்கு வெண்புள்ளி வந்தது, இப்போது 41. முகத்தில் வந்தது முழுக்க நிறம் திரும்பியிருக்கிறது, கை விரல்களில் இன்றுவரை வெள்ளைதான். இத்தனை வருடத்தில் செய்த சிகிச்சைகளும், அது பற்றித் தேடித் தேடிப் படித்ததும் சேர்ந்துதான் இந்தப் பதில். உங்கள் மகளைப் பார்க்கும் தோல் மருத்துவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்து போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் அந்தச் சொல். வெண்குஷ்டம் என்ற பெயரைத் தயவுசெய்து வீட்டில் யாரும் சொல்ல விடாதீர்கள். குஷ்டம் என்பது தொழுநோய். அது ஒரு பாக்டீரியாவால் வருவது, அதில் வரும் திட்டு வெளிறியோ சிவந்தோ இருக்கும், முழு வெள்ளையாக ஆகாது, அந்த இடத்தில் தொடு உணர்ச்சியும் குறைந்துபோயிருக்கும். வெண்புள்ளியில் கிருமியே கிடையாது. அந்தத் தோலில் தொட்டால், கிள்ளினால், சூடு பட்டால் மற்ற இடம் போலவே எல்லாம் தெரியும். நிறம் ஒன்றைத் தவிர அந்தத் தோலுக்கு எந்தக் குறையும் இல்லை. தொடுவதால், ஒரே துண்டைப் பயன்படுத்துவதால், ஒரே தட்டில் சாப்பிடுவதால், முத்தம் கொடுப்பதால், எதனாலும் இன்னொருவருக்கு வராது. உலகம் முழுக்க நூறு பேரில் ஒருவருக்கு என்ற அளவில் இது இருக்கிறது, அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 20 வயதுக்குள்ளேயே ஆரம்பித்துவிடுகிறது. ஆக உங்கள் மகளுக்கு இந்த வயதில் வந்தது அபூர்வமான ஒன்றும் இல்லை.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? நம் தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினைத் தயாரிப்பவை மெலனோசைட் என்ற நிறமி செல்கள். வெண்புள்ளியில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே இந்த செல்களை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. அந்த மண்டலத்தைச் சேர்ந்த டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் தோலுக்குள் வந்து நிறமி செல்களைக் கொல்கின்றன, அப்போது இன்டர்ஃபெரான் காமா என்ற ஒரு சமிக்ஞை வெளிப்படுகிறது, அந்தச் சமிக்ஞையைப் பார்த்து இன்னும் டி செல்கள் அதே இடத்துக்கு வருகின்றன. இந்தச் சுழற்சி ஓடிக்கொண்டிருக்கும் வரை திட்டு பெரிதாகும், புது இடத்தில் வரும். சுழற்சி அடங்கியதும் அப்படியே நிற்கும். நின்றபிறகும் சில டி செல்கள் அந்தத் தோலிலேயே தங்கிவிடுகின்றன, அதனால்தான் நிறம் திரும்பிய இடத்திலேயே மறுபடி வெளுப்பது நடக்கிறது.

இதை விளக்கமாகச் சொல்லக் காரணம், சிகிச்சையில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன என்பது இதிலிருந்துதான் புரியும். ஒன்று, தாக்குதலை நிறுத்துவது. இரண்டு, போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவது. முதல் வேலை வாரங்களில், சில மாதங்களில் நடக்கும். இரண்டாவது வேலை மாதங்களில், சில சமயம் வருடத்துக்கு மேல் நடக்கும். எல்லோரும் இரண்டாவதை மட்டும் பார்த்துக்கொண்டு, நிறம் வரவில்லையே என்று முதலாவதையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். நீங்கள் இரண்டு மாதத்தில் களிம்பை நிறுத்தியதும் இப்படித்தான் ஆகியிருக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் புதுத் திட்டு வராமல் இருந்ததா, நிறுத்தியபிறகுதான் விரல் நுனியில் வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அப்படியென்றால் களிம்பு அதன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கலாம்.

உங்கள் மகளுக்கு ஆறு மாதத்தில் மூன்று இடங்கள் என்றால் இப்போது பரவும் கட்டம். இந்தக் கட்டத்தில்தான் அவசரம் தேவை. நான் இதை அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் நான் என் முதல் ஒன்றரை வருடத்தை வீணாக்கியவன். யாரோ சொல்லி கார்போக அரிசியை அரைத்து முழங்கையில் பூசி, வெயிலில் உட்கார்ந்தேன். அதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது, அது தோலை ஒளிக்கு மிக அதிகமாகக் கூசச் செய்யும். மருத்துவத்தில் சோராலெனை அளந்து கொடுத்து, ஒளியையும் அளந்து கொடுத்துச் செய்த சிகிச்சை உண்மையிலேயே உண்டு. எகிப்தில் எல் மோஃப்தி என்ற மருத்துவர் 1940களின் கடைசியில் ஒரு செடியிலிருந்து பிரித்த அந்த மருந்தை வைத்துத்தான் வெண்புள்ளிக்கு நவீன சிகிச்சையைத் தொடங்கினார். ஆனால் வீட்டில் அரைத்த விழுதுக்கும் உச்சி வெயிலுக்கும் அளவு எங்கே இருக்கிறது? எனக்குக் கொப்புளம் போட்டு, தோல் உரிந்து, ஆறியபோது திட்டு முன்பைவிட இரண்டு மடங்காகியிருந்தது.

அது ஏன் என்று பின்னால்தான் தெரிந்தது. வெண்புள்ளி பரவும் கட்டத்தில் தோலில் எங்கே காயம், சிராய்ப்பு, தீப்புண், தொடர்ந்த உரசல் பட்டாலும் அந்த இடம் வெளுக்கலாம். இதற்குக் காப்னர் விளைவு என்று பெயர். முழங்கால், முழங்கை, விரல் மூட்டு, இடுப்பில் உடை இறுகும் இடம், செருப்பு வார் உரசும் இடம் இங்கெல்லாம் வெண்புள்ளி அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே மகளிடம் சொல்ல வேண்டிய உருப்படியான விஷயம் இதுதான்: திட்டைத் தேய்க்காதே, குளிக்கும்போது நாரால் உரசாதே, புண்ணின் பொருக்கைப் பிய்க்காதே, இறுக்கமான உடையும் செருப்பும் வேண்டாம். விளையாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள், முழங்காலுக்கு ஒரு பட்டை போட்டுக்கொண்டு விளையாடட்டும். சில ரப்பர் பொருட்களிலும் பசைகளிலும் இருக்கும் ஃபீனால் வகை ரசாயனங்கள் நிறமி செல்களுக்கு நேரடியாக விஷம். ஒட்டும் பொட்டு வைத்த இடத்திலோ ரப்பர் செருப்பு படும் இடத்திலோ சரியாக அதே வடிவத்தில் வெளுத்தால் அதை உடனே விட்டுவிட வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தை ஒரே வரியில் முடிக்கிறேன். பால், புளிப்பு, மீன், எலுமிச்சை எதுவும் வெண்புள்ளியை உண்டாக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. வளரும் பெண்ணுக்குப் பாலை நிறுத்தினால் வரும் நஷ்டம்தான் நிஜம். இன்றே திரும்பக் கொடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது என்ன நடக்க வேண்டும்? இருட்டறையில் வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கில் உடல் முழுக்கப் பார்க்க வேண்டும். வெண்புள்ளி அதில் சுண்ணாம்பு போலப் பளிச்சென்று தெரியும், சாதாரண வெளிச்சத்தில் கண்ணில் படாத புதுத் திட்டுகளும் தெரியும். தேமல், குழந்தைகளின் கன்னத்தில் வரும் மங்கலான வெளிறல், புண் ஆறியபின் வரும் வெளிறல் இவையெல்லாம் வெண்புள்ளி அல்ல, அவற்றில் நிறம் குறைந்திருக்குமே தவிர முற்றிலும் போயிருக்காது. திட்டைச் சுற்றிப் பொடி தூவியது போலச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றனவா, ஓரத்தில் வெள்ளைக்கும் சொந்த நிறத்துக்கும் நடுவே இளம்பழுப்பாக ஒரு வளையம் இருக்கிறதா என்று கேளுங்கள். இவை வேகமாகப் பரவுகிறது என்பதற்கான அடையாளங்கள். தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம், ஏனென்றால் தன் உடலையே தாக்கும் இந்தப் போக்கு தைராய்டிலும் சேர்ந்து வருவது உண்டு, அதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் எளிதாகச் சமாளிக்கலாம்.

இரண்டு முழங்காலிலும் என்று எழுதியிருக்கிறீர்கள், அது பொதுவான வகை. உடலின் ஒரு பக்கம் மட்டும், ஒரு பட்டையாக வரும் வகை வேறு. அது சிறு வயதில் வந்து, ஓரிரு வருடத்தில் வேகமாகப் பரவி, பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும். அந்த வகைக்குப் பின்னாளில் அறுவைச் சிகிச்சை நன்றாகக் கைகொடுக்கும். தொடைப் பகுதியிலிருந்து சின்னதாகத் தோல் எடுத்து, அதிலிருந்து நிறமி செல்களைப் பிரித்து வெள்ளை இடத்தில் வைப்பார்கள். பொதுவான வகைக்கும் செய்வது உண்டு, ஆனால் குறைந்தது ஒரு வருடமாவது எந்த மாற்றமும் இல்லாமல் நின்றிருக்க வேண்டும். பரவும்போது செய்தால் தோல் எடுத்த இடமே வெளுத்துவிடும். உங்கள் மகளுக்கு இப்போது இந்தப் பேச்சே வேண்டாம், யாராவது உடனே செய்துவிடலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போதைக்கு இருக்கும் வழிகள் என்று பார்த்தால், முதலில் களிம்புகள். முழங்கால் போன்ற இடங்களுக்கு ஸ்டீராய்டு களிம்பு நல்லதுதான், ஆனால் மாதக்கணக்கில் இடைவெளி இல்லாமல் போட்டால் தோல் மெலிந்துபோகும், அதனால் சில வாரம் போட்டு சில நாள் விட்டு என்று ஒரு முறை சொல்லித் தருவார்கள். கண் இமைக்கு ஸ்டீராய்டு கூடவே கூடாது என்றில்லை, ஆனால் கண் அழுத்தம் கூடும், கண்புரை வரும் என்ற பயம் இருப்பதால் அங்கே டாக்ரோலிமஸ் என்ற ஸ்டீராய்டு இல்லாத களிம்பைத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். முதல் சில நாள் எரியும். எரிகிறது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள், தொடர்ந்து போட்டால் ஒரு வாரத்தில் எரிச்சல் தானாக அடங்கும். அந்தப் பெட்டியோடு வரும் தாளில் புற்றுநோய் எச்சரிக்கை ஒன்று இருக்கும், படித்துப் பதறாதீர்கள். மாத்திரையாக அதிக அளவில் எடுப்பவர்களை வைத்து எழுதிய எச்சரிக்கை அது, தோலில் போடுபவர்களைப் பல வருடம் கவனித்ததில் அந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

புதிதாக வந்தது ருக்ஸோலிடினிப் 1.5% களிம்பு. மேலே சொன்ன இன்டர்ஃபெரான் காமா சமிக்ஞை செல்லுக்குள் போகும் பாதையை அது நேரடியாக அடைக்கிறது. அமெரிக்காவில் 2022 ஜூலையில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, பொதுவான வகை வெண்புள்ளிக்கு அனுமதி கிடைத்தது. நிறத்தைத் திரும்பக் கொண்டுவர அங்கே முறையாக அனுமதி பெற்ற முதல் மருந்து இதுதான். ஆய்வுகளில் ஆறு மாத முடிவில் பத்தில் மூன்று பேருக்கு முகத்தில் முக்கால்வாசி நிறம் திரும்பியது, ஒரு வருடம் தொடர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு. இந்த எண்ணை இரண்டு விதமாகவும் படியுங்கள். நம்பிக்கை தருகிறது, அதே சமயம் புது மருந்துக்கும் ஒரு வருடம் தேவைப்படுகிறது.

எனக்கு மிகவும் கைகொடுத்தது ஒளி சிகிச்சைதான். நேரோபேண்ட் யூவிபி என்பார்கள், 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி. வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, ஒரு பெட்டிக்குள் கண்ணுக்குக் கண்ணாடி போட்டு நிற்க வேண்டும். முதலில் சில நொடிகள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். திட்டு லேசாக ரோஜா நிறமாகி ஒரு நாளுக்குள் மறைந்தால் அளவு சரி. அடுத்த முறை வரும்போதும் சிவப்பாகவே இருந்தால், வலித்தால், கொப்புளம் வந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், அப்படியே மறுபடி நிற்கக் கூடாது. இந்த ஒளி இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிறது: தாக்குதலை அடக்குகிறது, நிறமி செல்களைத் தூண்டுகிறது. களிம்போடு சேர்த்துச் செய்தால் இன்னும் நல்ல பலன். திட்டுகள் சிலவே என்றால் 308 நானோமீட்டர் எக்ஸைமர் கருவியை வைத்து அந்த இடத்தில் மட்டும் ஒளி கொடுப்பார்கள். மூன்று மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு கட்டக் கூடாது, ஆறு மாதமாவது பார்க்க வேண்டும். எனக்கு முகத்தில் முதல் பழுப்புப் புள்ளி தெரிந்தது நான்காவது மாதத்தில்.

அந்தப் புள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நான் அன்று அழுதுவிட்டேன். நிறம் பெரும்பாலும் ஓரத்திலிருந்து வர்ணம் அடித்த மாதிரி வராது. வெள்ளைக்கு நடுவே ஒவ்வொரு ரோமக் காலைச் சுற்றியும் மிளகு தூவியது போலப் புள்ளி புள்ளியாக வரும், அப்புறம் அவை பெருத்து ஒன்றோடொன்று சேரும். ஏனென்றால் தோலின் மேற்பரப்பில் நிறமி செல்கள் அழிந்தாலும் ரோமக் காலின் ஆழத்தில் அவற்றின் விதை போன்ற மூல செல்கள் மிச்சம் இருக்கும், அங்கிருந்துதான் ஏறி வருகின்றன. இதை வைத்தே எந்த இடம் எப்படிப் பதில் சொல்லும் என்று கணிக்கலாம். முகமும் கழுத்தும் நன்றாக வரும். கைகால், உடல் நடுத்தரம். விரல் நுனியிலும் உதட்டிலும் ரோமமே இல்லை, அதனால் மிகக் கடினம். திட்டிலுள்ள ரோமமே வெளுத்திருந்தால் அங்கேயும் கடினம். ஆக உங்கள் மகளின் இமைக்கும் முழங்காலுக்கும் நம்பிக்கையோடு இருங்கள், இமையில் முடி கறுப்பாகவே இருந்தால் இன்னும் நல்லது. விரல் நுனியை வைத்துச் சிகிச்சையை எடைபோடாதீர்கள். நான் செய்த தவறு அதுதான், கையையே பார்த்துக்கொண்டிருந்து முகத்தில் வந்ததைக் கவனிக்காமல் ஒருமுறை நிறுத்திவிட்டேன்.

வேகமாகப் பரவினால் வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் மட்டும் குறைந்த அளவில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கும் முறையும் உண்டு, சில மாதங்களுக்கு மட்டும். பரவலை நிறுத்த அது நன்றாக வேலை செய்யும். வளரும் வயது என்பதால் எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். உங்கள் மருத்துவர் சொன்னால் பயந்து மறுக்காமல், எவ்வளவு காலம், எப்போது நிறுத்துவோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் போடாத பொடி, மாத்திரை கொடுத்து மூன்றே மாதத்தில் குணம் என்று சொல்பவர்களிடம் போகவே வேண்டாம்.

முழுசாகக் குணமாகுமா என்றால் நேர்மையான பதில் இது: பரவலை நிறுத்த முடியும், பல இடங்களில் நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியும், இனி வரவே வராது என்று யாராலும் எழுதித் தர முடியாது. சிகிச்சையை முழுக்க நிறுத்தினால் முதல் வருடத்திலேயே பத்தில் நான்கு பேருக்கு என்ற அளவில் மறுபடி வெளுக்கிறது. அதற்கும் வழி உண்டு, நிறம் வந்த இடத்தில் வாரம் இரண்டு முறை டாக்ரோலிமஸ் போட்டுவந்தால் அது குறைகிறது. நான் பத்து வருடத்துக்கு மேலாக முகத்தில் அப்படித்தான் போடுகிறேன், பல் துலக்குவது போல ஆகிவிட்டது.

வெயிலுக்கு மகளைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. வெள்ளை இடம் சீக்கிரம் கருகும் என்பதால் வெளியே போகும்போது எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போதும். சுற்றியுள்ள தோல் கறுக்காமல் இருந்தால் திட்டும் பளிச்சென்று தெரியாது.

தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். கூடப் பிறந்தவருக்கு இருந்தால் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடத்தான், ஆனால் நூறில் ஆறேழு பேர் என்ற அளவில்தான். அச்சு அசலான இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால்கூட மற்றவருக்கும் வருவது நான்கில் ஒன்றுக்கும் குறைவு. அவனுக்குப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. குளிப்பாட்டும்போது தினமும் அவன் உடம்பைத் தேடிப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள், மகள் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருப்பாள்.

கடைசியாக, அவளிடம் என்ன சொல்வது. எனக்கு இதில் மருத்துவத்தைவிட அதிக அக்கறை. 13 வயதில் திட்டை மட்டுமா பார்ப்பாள்? அதைப் பார்க்கும் உங்கள் முகத்தையும்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். காலையில் எழுந்ததும் அவள் கையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். மாதத்தில் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், அன்று மட்டும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் போட்டோ எடுங்கள், மற்ற நாளில் பேச்சே வேண்டாம். மாற்றம் கண்ணுக்குத் தெரியாது, நான்கு மாதப் போட்டோவை வரிசையாக வைத்தால் தெரியும். மருத்துவருக்கும் அதுதான் உதவும்.

பள்ளியில் யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் அவளிடம் தயாராக இருக்க வேண்டும், சின்னதாக, அவள் வாயில் எளிதாக வரும்படி. எனக்குப் பிடித்தது: "வெண்புள்ளி. என் தோலில் நிறம் தயாரிக்கும் செல் சில இடத்தில் வேலை செய்யவில்லை. ஒட்டாது, வலிக்காது." அவ்வளவுதான், அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமை இல்லை. வகுப்பு ஆசிரியரிடம் ஒருமுறை நீங்களே போய் இது தொற்றாது என்று சொல்லிவிடுங்கள். மறைக்கும் பூச்சு வேண்டுமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். ஒரு நாள் பூசுவாள், இன்னொரு நாள் வேண்டாம் என்பாள், இரண்டும் சரி. மைக்கேல் ஜாக்சன் 1993ல் ஒரு பேட்டியில் தனக்கு இது இருப்பதாகச் சொன்னார், அவர் நினைவாக அவர் இறந்த ஜூன் 25ஐ உலக வெண்புள்ளி நாளாக வைத்திருக்கிறார்கள். வின்னி ஹார்லோ என்ற மாடல் திட்டுகளை மறைக்காமலே உலக மேடைகளில் நடக்கிறார். இதெல்லாம் சொல்லலாம். ஆனால் என் அனுபவத்தில் பிரபலங்களைவிட, திட்டோடு சாதாரணமாக வேலைக்குப் போய், குடும்பம் நடத்தும் ஒரு பெரியவரை நேரில் பார்ப்பதுதான் அந்த வயதில் பயத்தைத் தணிக்கும். எனக்கு 18 வயதில் ஒளி சிகிச்சைக்கு வரிசையில் நிற்கும்போது அப்படி ஒருவர் கிடைத்தார்.

அவள் தூங்காமல் இருந்தால், நண்பர்களைத் தவிர்த்தால், பள்ளிக்குப் போக மறுத்தால் அதைச் சின்ன விஷயமாக விடாமல் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள், தோல் சிகிச்சை நடக்கும்போதே.

இந்த வாரத்துக்கு மூன்று வேலை: தோல் மருத்துவரிடம் நேரம் வாங்குவது, நிறுத்திய களிம்பின் பெயரையும் எத்தனை நாள் போட்டீர்கள் என்பதையும் எழுதி எடுத்துப் போவது, போவதற்கு முன் முதல் போட்டோக்களை எடுத்து வைப்பது. மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.